சென்னைல லேப்டாப்போட உக்காந்து வேலை பாக்க வைஃபை நல்லா இருக்குற கஃபே எங்க இருக்கு?

கேள்வி, 2 ஜூன் 2025

பெரம்பூர்ல வீடு. ஜூலைல இருந்து ஆபீஸ் எடத்தையே காலி பண்றாங்க, எல்லாரும் வீட்டுலருந்தே வேலைன்னு சொல்லிட்டாங்க. வீட்ல ரெண்டு சின்னப் பசங்க, தனி ரூம் கிடையாது. நெட்ல தேடினா எல்லா லிஸ்ட்டும் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையார்னே போகுது. வாரத்துல ரெண்டு மூணு நாள் போய் உக்காந்து மீட்டிங் எடுக்கணும். வைஃபை ஸ்ட்ராங்கா இருக்குற கஃபே யாராவது சொல்லுங்க.

2 ஜூன், ராத்திரி

பக்கத்து ஏரியாதான் நான், வில்லிவாக்கம். ஜெர்மன் கம்பெனி ஒண்ணுக்கு டெக்னிக்கல் டாக்குமெண்ட் எழுதுற வேலை, கொரோனாவுக்கு அப்புறம் ஆபீஸ்ங்கறதே இல்ல, அதனால இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. நீங்க சொன்ன லிஸ்ட் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. ஊர்ல பாதிப் பேரு கூவத்துக்கு வடக்கால இருக்கோம்ங்கறதே அந்த லிஸ்ட் போடுறவங்களுக்குத் தெரியாது போல. நமக்கு கிட்டன்னா அண்ணா நகர் செகண்ட் அவென்யூவும் அதைச் சுத்தி இருக்குற தெருக்களும்தான், மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கு, கஃபேவும் நெறைய.

ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு, வைஃபையை முதல் கேள்வியா வச்சுக்காதீங்க. முதுகு சாயற மாதிரி நாற்காலி இருக்கா, கைக்கு எட்டுற தூரத்துல பிளக் பாயிண்ட் இருக்கா, எத்தன மணிக்கு மூடுவாங்க, இதையெல்லாம் பாத்துட்டு அப்புறம் நெட்டைப் பாருங்க. நெட்டை நம்ம ஃபோன்ல கொண்டு போகலாம், நாற்காலியைக் கொண்டு போக முடியாது.

3 ஜூன்

ஒருத்தர் கேட்டிருந்தாரு, ஸ்பீட் டெஸ்ட் போட்டேன் 90 எம்பி வந்துச்சு, ஆனா மீட்டிங்ல என் குரல் ரோபோ மாதிரி கேக்குதாம், ஏன்னு. அந்த 90 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு மெகாபிட்) கீழ இறங்குற வேகம், டவுன்லோட். படம் பாக்க அது போதும். நம்ம குரலும் முகமும் மேல ஏறிப் போகணும், அதுக்கு அப்லோட் வேணும், டெஸ்ட்ல ரெண்டாவதா வர்ற நம்பர். சாதாரண வீடியோ காலுக்கு அப்லோட் ஒன்றரை ரெண்டு எம்பி இருந்தாலே ஓடும், பத்துப் பேரு சேர்ந்து நல்ல தெளிவுல பேசணும்னா நாலு எம்பி வரைக்கும் வேணும். ஆக 10 எம்பி அப்லோட் வர்ற எடம்னா தாராளம். அதைவிட முக்கியம் அது ஆடாம நிக்குதாங்கறது. அதே டெஸ்ட்ல பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகுற நேரம்), ஜிட்டர் (அந்த நேரம் எவ்வளவு ஆடுதுங்கறது)னு ரெண்டு எண் வரும், ஜிட்டர் 30 மில்லி செகண்டுக்கு மேல தாவித் தாவிப் போச்சுன்னா குரல் வெட்டும், வேகம் எவ்வளவு இருந்தாலும் சரி. போன உடனே ஒரு தடவை, அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை போட்டுப் பாருங்க. காலி கஃபேல காலைல பத்து மணிக்கு எடுத்த நம்பரை வச்சு சாயங்காலம் ஆறு மணி மீட்டிங்க ஒத்துக்காதீங்க.

5 ஜூன்

சின்ன விஷயம். கிச்சன் பக்கத்து டேபிள்ல உக்காராதீங்க. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுறதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கிட்டதான், பழைய வைஃபை ஓடுறதும் அதே அலைவரிசைதான். பஃப்ஸ் சூடு பண்ற ஒவ்வொரு தடவையும் கால் தடுமாறும். வைஃபை லிஸ்ட்ல 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் தெரிஞ்சா அதுல சேருங்க, அதுல இந்தத் தொல்லை இல்ல. ஆனா அது கான்கிரீட் சுவரைத் தாண்டி வர சிரமப்படும், அதனால ரவுட்டர் கண்ணுல படுற மாதிரி உக்காருங்க. பேருக்குப் பின்னாடி 5ஜின்னு போட்டிருந்தா அது மொபைல் 5ஜி இல்ல, இதுதான்.

11 ஜூன்

இன்னைக்கு எங்க தெருவுல மாதாந்திர பராமரிப்பு, காலைல ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் கிடையாது. இந்த ஷட்டவுன் நாளுதான் நம்ம ஊர்ல பாதிப் பேரு கஃபேக்கு ஓடுற நாளே. முந்தின நாள் பேப்பர்ல ஏரியா பேரெல்லாம் வரும், அதைப் பாத்துட்டு கெளம்பறப்ப கஃபே இருக்குற தெருவும் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.

இன்னைக்கு போன எடத்துலயும் (பேரு வேண்டாம்) பன்னெண்டரைக்கு கரண்ட் போச்சு. ஜெர்மனில காலைல ஒன்பது மணி மீட்டிங் நமக்கு சரியா அந்த நேரம். லைட்டும் ஃபேனும் உடனே இன்வெர்ட்டர்ல வந்துடுச்சு, ரவுட்டர் மட்டும் அணைஞ்சு மறுபடி எழுந்து வர மூணு நாலு நிமிஷம் ஆயிடுச்சு, ஏன்னா அதோட பிளக்கை இன்வெர்ட்டர் லைன்ல போடல. இது கஃபேக்காரங்க பாதிப் பேருக்குத் தோணாத விஷயம். ரவுட்டரும், ஃபைபர் லைன் வந்து சேர்ற பெட்டியும் ரெண்டுமே பேக்கப்ல இருக்கணும், ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா பிரயோஜனம் இல்ல. முதல் தடவை போறப்பவே பில் போடுறவர்கிட்ட, "அண்ணா, கரண்ட் போனா வைஃபை நிக்குமா"ன்னு கேட்டுடுங்க. நிக்கும்னு டக்குனு சொன்னா நல்ல எடம். யோசிச்சா, ஃபோன்ல ஹாட்ஸ்பாட்டைத் தயாரா வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, கஃபேல எல்லாம் சரியா இருந்தாலும் தெருவுல கரண்ட் ரொம்ப நேரம் இல்லன்னா சில கம்பெனி லைன் படுத்துடும். மொட்டை மாடில நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி வச்சு அங்கிருந்து வயர் இழுத்துக் குடுக்குற லைன்னா அந்தப் பெட்டில இருக்குற பேட்டரி தீர்ற வரைக்கும்தான் உயிர். வீட்டு வாசல் வரைக்கும் முழு ஃபைபர்னா நடுவுல கரண்ட் தேவைப்படுற பெட்டியே பெரும்பாலும் இருக்காது.

19 ஜூன்

கஃபே பேரு சொல்லாம பேசிட்டே இருக்கேன்னு ரெண்டு பேரு எழுதிட்டாங்க, சரி.

ஒயிட்ஸ் ரோடு அமேதிஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம், பழைய பங்களா மாதிரி கட்டடம், மரம், தாழ்வாரம், எழுத்து வேலைக்கு அவ்வளவு இதமா இருக்கும். ஆனா அது சாப்பிட்டுப் பேசிட்டுப் போற எடம், ஏப்ரல் மே வெயில்ல வெளில உக்காந்தா லேப்டாப்பும் நாமளும் சேர்ந்து கொதிப்போம். டிசம்பர் ஜனவரில போங்க. பீட்டர்ஸ் ரோட்ல 2018-ல தொடங்கின ரைட்டர்ஸ் கஃபே, தீக்காயத்துல இருந்து மீண்டு வந்த பெண்களுக்கு பயிற்சி குடுத்து வேலைக்கு வச்ச எடம், சுத்தி புத்தகம். நான் ஒரு காபி குடிக்கிற காசு அங்க போகட்டும்னு நெனைச்சே போவேன். மீட்டிங் பேசுற எடமா அதை நெனைக்காதீங்க, எழுதுறதுக்குப் போங்க.

மீட்டிங் இருக்குற நாளுன்னா எனக்கு செயின் கடைதான் தோது. ஸ்டார்பக்ஸ், ப்ளூ டோக்காய், தேர்ட் வேவ் இந்த மாதிரி. ருசிக்காகச் சொல்லல. லேப்டாப் வச்சிருக்குற ஆளைப் பாத்து யாரும் முகம் சுளிக்கிறதில்ல, பிளக் பாயிண்ட் வச்சே கட்டியிருப்பாங்க, ஏசி இருக்கும். ஒரே கம்பெனியோட ரெண்டு கிளைக்கு நடுவுலயே நெட் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படும், அதனால கம்பெனி பேர வச்சு நம்பாதீங்க, கிளையை வச்சு நம்புங்க. பெசன்ட் நகர், காதர் நவாஸ்கான் ரோடு இதெல்லாம் சனி ஞாயிறு தொடவே தொடாதீங்க. கூட்டம் சேர்ந்தா சத்தம் மட்டும் இல்ல, மனுஷ உடம்பே சிக்னலை உறிஞ்சும், அத்தன ஃபோனும் ஒரே ரவுட்டர்கிட்ட முறை வச்சுப் பேசணும்.

நம்ம சரவண பவன், சங்கீதா எல்லாம் இந்தக் கணக்குல வராது. அங்க டேபிள் ஓடிட்டே இருக்கணும், பின்னாடி ஒரு குடும்பம் நின்னு நம்ம இலையையே பாத்துட்டு இருக்கும்.

28 ஜூன்

ஓடிபி பத்தி நெறைய புலம்பல். கஃபே வைஃபைல சேந்தா ஏன் ஃபோன் நம்பர் கேக்குறாங்கன்னா அது கடைக்காரர் ஆசைப்பட்டு கேக்குறது இல்ல. 2008-ல அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மெயிலை பூட்டாம கெடந்த யாரோ ஒருத்தரோட வைஃபைல நுழைஞ்சு அனுப்பினாங்க, அதுக்கப்புறம் 2009 பிப்ரவரில தொலைத்தொடர்புத் துறை பொது எடத்துல வைஃபை குடுத்தா யாரு பயன்படுத்துறாங்கன்னு பதிவு இருக்கணும்னு சொல்லிடுச்சு. அதுலருந்துதான் இந்த ஓடிபி. கடைக்காரங்க இதே சாக்குல நம்பரை வாங்கி ஆஃபர் மெசேஜ் அனுப்புறது தனிக் கதை, எனக்கு அதுல கோபம் உண்டு.

இதுல மாட்டிக்கிறது வெளிநாட்டு சிம் வச்சிருக்குறவங்க. சிங்கப்பூர்ல இருந்து வந்த என் சித்தி பொண்ணு நம்பரை பல எடத்துல வாங்கவே இல்ல, நான் பக்கத்துல உக்காந்து என் நம்பர்ல ஓடிபி வாங்கிக் குடுத்தேன்.

லாகின் பக்கமே வரலையா? கம்பெனி விபிஎன் (ஆபீஸ் நெட்டோட சேர்க்குற பாதுகாப்பு இணைப்பு) ஓடிட்டு இருக்கும், அதை முதல்ல நிறுத்துங்க. அப்புறம் பிரவுசர்ல நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்னு அடிங்க, பூட்டு இல்லாத பக்கம் அது, கஃபே நெட் அதை வழிமறிச்சு லாகின் பக்கத்தைக் காட்டும். ஓடிபி போட்டு உள்ள போனதும் விபிஎன்னை ஆன் பண்ணுங்க. தினமும் போற கடைலயே தினமும் ஓடிபி கேட்டுச்சுன்னா ஃபோன் தன்னோட அடையாளத்தை மறைச்சு வேற முகவரி காட்டுறது ஒரு காரணமா இருக்கலாம், ஆண்ட்ராய்டு 10-ல இருந்தும் ஐஓஎஸ் 14-ல இருந்தும் அந்த வசதி தானாவே ஆன்ல இருக்கு. அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை ஆஃப் பண்ணலாம். பண்ணணுமாங்கறது உங்க இஷ்டம், நான் ஓடிபியே போட்டுட்டுப் போறேன்.

6 ஜூலை

இது கொஞ்சம் நீளம். "ஒரு காபி வாங்கிட்டு எவ்ளோ நேரம் உக்காரலாம்" அப்படின்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு.

நான் அடிக்கடி போற கடைல பரிமாறுற பையன்கிட்ட ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரமா பாத்து இதையேதான் கேட்டேன், மறைக்காம சொல்லுப்பான்னு. அவன் சொன்னான், "அக்கா, நீங்க உக்காருறது பிரச்சன இல்ல, நாலு பேர் டேபிள்ல ஒரு ஆளா உக்காருறதுதான் பிரச்சன, அதுவும் மதியம் ஒரு மணிக்கு." அவங்களுக்கு ஆளுக்கு இத்தன டேபிள்னு பிரிச்சு விட்டிருப்பாங்க, அந்த டேபிள்ல என்ன பில் ஆகுதோ அதுலதான் டிப்ஸும். நாம மதியச் சாப்பாட்டு நேரத்துல பெரிய டேபிளைப் பிடிச்சுட்டு ஒரு கப்புச்சினோவோட நாலு மணி நேரம் உக்காந்தா அந்தப் பையனோட அன்னைய வருமானத்துல கை வைக்கிறோம். முதலாளி கணக்கு வேற. வாடகை, ஏசி, கரண்ட் பில், நெட், எல்லாமே நம்ம நாற்காலிக்கு அடிலதான் ஓடிட்டு இருக்கு.

நான் வச்சிருக்குற பழக்கம் இது. போன உடனே ஒண்ணு, அப்புறம் ஒன்றரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு, மதியம் தாண்டினா அங்கயே சாப்பாடு. பன்னெண்டரைல இருந்து ரெண்டரை வரைக்கும் ரெண்டு பேர் டேபிள் இல்ல சுவரோரம் இருக்குற உயரமான பலகைக்கு மாறிடுவேன். ஸ்பீக்கர்ல பேசுறது கூடவே கூடாது. காபி இருநூத்தி சொச்சம், அதுமேல 5 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு நாள் உக்காந்து எழுந்தா 700, 800 ஆயிடும். வாரத்துல மூணு நாள்னா மாசக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. அந்தக் காசுக்கு பகுதி நேரமா ஒரு கோ-ஒர்க்கிங் சீட்டே வாங்கிடலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா அதுக்கும் பெரும்பாலும் கிண்டி, ஓஎம்ஆர், டி.நகர்னுதான் போகணும், போக வர ரெண்டு மணி நேரம் பஸ்ல போயிடும்.

7 ஜூலை

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சேன். எல்லாரும் 800 ரூபாய் செலவு பண்ணணும்னு சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. முதல் வேலைல இருக்குற பசங்க, வேலை தேடிட்டு இருக்குறவங்க, பரீட்சைக்குப் படிக்கிறவங்க இவங்ககிட்ட அந்தக் காசு கிடையாது. அவங்க கூட்டம் இல்லாத நேரத்துல, காலைல கடை தெறந்ததும் பதினொண்ணு வரைக்கும், இல்லன்னா மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு டீயோட உக்காந்தா எந்தக் கடையும் நஷ்டப்படாது. நேரம் பாத்து உக்காருங்க, அவ்வளவுதான்.

20 ஜூலை

பெண்களுக்காக ஒரு குறிப்பு, லிஸ்ட் போடுறவங்க யாரும் இதை எழுதறதே இல்ல. டாய்லெட் கடைக்குள்ளயே இருக்கான்னு பாருங்க. சில எடத்துல பின்பக்கம் மாடிப்படிக்கு அடில, பக்கத்துக் கடையோட பொதுவா இருக்கும், லைட்டும் இருக்காது. நாலு மணி நேரம் தண்ணி குடிக்காம உக்காந்து வேலை பாத்த நாளெல்லாம் எனக்கு இருக்கு, அது உடம்புக்கு நல்லதில்ல, யாரும் செய்யாதீங்க. அப்புறம் தனியாப் போறவங்க டாய்லெட் போறப்ப லேப்டாப்பை என்ன பண்றது? பக்கத்துல உக்காந்திருக்குற இன்னொரு பொண்ணுகிட்ட "கொஞ்சம் பாத்துக்கறீங்களா"ன்னு கேட்டுட்டுப் போவேன், ஸ்கிரீனைப் பூட்டிட்டுத்தான். அப்படிக் கேட்டே எனக்கு ரெண்டு தோழிங்க கெடைச்சிருக்காங்க, ஒருத்தி பெரம்பூர்தான், கேள்வி கேட்டவருக்குப் பக்கத்துத் தெருவாக்கூட இருக்கலாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல உக்காரணும்னா மெயின் ரோட்ல, வாசல்லயே ஆட்டோ நிக்கிற எடமாப் பாருங்க. சந்துக்குள்ள இருக்குற அழகான கஃபே பகலுக்கு.

10 ஆகஸ்ட்

கொரியாவுல ஸ்டார்பக்ஸ்காரங்க அறிவிப்பு ஒட்டியிருக்காங்களாம், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், பிரிண்டர், மல்டி பிளக் எல்லாம் கொண்டு வராதீங்கன்னு. முழு மானிட்டரோட வந்து உக்காருறவங்க அந்த ஊர்ல இருக்காங்க, லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் இன்னும் தடை இல்ல. செய்தியைப் படிச்ச நெறைய பேரு இங்க சிரிச்சிட்டுப் போறாங்க, எனக்கு சிரிப்பு வரல. வீடு சின்னது, லைப்ரரி நெறைஞ்சுடும், வேற போக எடம் இல்லங்கறவன்தான் மானிட்டரைத் தூக்கிட்டு கஃபேக்கு வருவான். ஊரு உக்கார எடம் குடுக்கலன்னா அந்த பாரம் முழுக்க காபிக் கடை மேல விழும், கடைசில கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருத்தர ஒருத்தர் முறைச்சிட்டு நிக்கணும்.

24 ஆகஸ்ட்

கொஞ்சம் பழங்கதை. கஃபே காபி டேயோட முதல் கடை பெங்களூர் பிரிகேட் ரோட்ல 1996 ஜூலைல தெறந்தப்ப அது இன்டர்நெட் கஃபேதான், காபியோட நெட்டும். அதாவது நம்ம நாட்டுல இந்தக் கடைங்க காபியையும் நெட்டையும் சேர்த்து விக்கத்தான் ஆரம்பிச்சுது, நெட் ஓசிங்கறது பின்னாடி வந்த பழக்கம். 2000-க்கு அப்புறம் நாங்க காலேஜ் படிச்சப்ப வில்லிவாக்கத்துல தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர், சிஃபி ஐவேங்கற செயின் போர்டு போட்டது ஒண்ணு, அண்ணாச்சி வீட்டு முன்பக்கத்துல ஒண்ணு. மணிக்கு இவ்வளவுன்னு காசு, மரத் தடுப்பு, ஃபேன் காத்து. ரிசல்ட் பாக்க, ஃபார்ம் போட, அமெரிக்கால இருக்குற அண்ணன்கிட்ட பேச, எல்லாம் அங்கதான். அந்தக் கடைல மணிக்கணக்கா உக்காந்தா யாரும் முறைக்க மாட்டாங்க, ஏன்னா நேரத்துக்குத்தான் காசு. 2016-ல ஜியோ வந்து டேட்டா மலிவானதும் மிச்சம் இருந்ததும் ஜெராக்ஸ் கடையா மாறிடுச்சு. நெட் எல்லார் கைலயும் வந்துடுச்சு, உக்கார எடம் போயிடுச்சு.

14 செப்டம்பர்

இதை ஜூன்லயே எழுதியிருக்கணும், கொஞ்ச நாள் போய்ப் பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம்னு ஒண்ணு 2024 நவம்பர்ல தெறந்தாங்க, வட சென்னை வளர்ச்சித் திட்டத்துல சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கட்டினது. கட்டடத்துல ஒரு பக்கம் லேப்டாப் வச்சு வேலை பாக்க எடம், இன்னொரு தளத்துல போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கு எடம், சாப்பிட தனி எடம். வேலை பாக்குறவங்களுக்கு அரை நாளைக்கு 50 ரூபாய், முழு நாளைக்கு 100 ரூபாய். நாற்காலி ஒழுங்கானது, ஏசி இருக்கு, வைஃபை இருக்கு. மாநகராட்சி இணையதளத்துல முன்பதிவு பண்ணணும், கொஞ்சம் முன்னாடியே பண்ணுங்க, எடம் சீக்கிரம் நெறைஞ்சுடுது.

நான் முதல் தடவை உள்ள போனப்ப பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு, கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிட்டு இருந்துச்சு. வீட்டுல ஒரே ரூம்க்கா, தம்பி டிவி போட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, இங்க வந்துதான் ரெண்டு புது ஆர்டர் எடுத்தேன்னு சொன்னுச்சு. இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்ல வந்தது. நுங்கம்பாக்கத்துல 280 ரூபாய் காபிக்கு நாற்காலி கெடைக்கும்னா அதை வாங்க முடியுறவங்களுக்குத்தான் இந்த ஊர்ல வேலை பாக்க எடம்னு ஆயிடும். கொளத்தூர்ல 50 ரூபாய்க்கு அரை நாள்னா பெரம்பூர், அகரம், வில்லிவாக்கம், திரு.வி.க. நகர் பசங்களுக்கு அது பெரிய வாசல். மத்த பகுதிகள்லயும் இதே மாதிரி கொண்டு வர்றதா அறிவிச்சிருக்காங்க. வரணும். வார்டுக்கு ஒண்ணு வரணும்னு நான் கவுன்சிலர்கிட்ட மனு குடுத்திருக்கேன், நீங்களும் குடுங்க.

15 செப்டம்பர்

அங்க மீட்டிங் பேசலாமான்னு கேட்டவங்களுக்கு: பக்கத்துல இருக்குறவங்க எல்லாம் தலை குனிஞ்சு வேலை பாத்துட்டு இருப்பாங்க, நீங்க ஒரு மணி நேரம் சத்தமாப் பேசினா நல்லா இருக்காது. மைக் வச்ச ஹெட்ஃபோன் போட்டு மெதுவா ரெண்டு வார்த்தை பேசுற மீட்டிங்னா சரி. நீளமாப் பேசுற நாளுக்கு கஃபே, எழுதுற நாளுக்கு படைப்பகம்னு நான் பிரிச்சு வச்சுக்கிட்டேன், செலவும் பாதிக்கு மேல கொறைஞ்சுடுச்சு.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இதே கணக்குதான். 2010 செப்டம்பர்ல தெறந்தது, தரைத்தளத்தோட சேர்த்து ஒன்பது தளம், சொந்தப் புத்தகம் கொண்டு போய்ப் படிக்க தனிப் பிரிவே இருக்கு. பேச முடியாது, ஆனா ஒரு அறிக்கையை எழுதி முடிக்கணும்னா அதைவிட அமைதியான எடம் இந்த ஊர்ல எனக்குத் தெரியாது. நமக்கு தூரம், தெற்கால இருக்குறவங்க யோசிங்க.

12 அக்டோபர்

மழை வரப் போகுது, அதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம். எங்க தெருவுல முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல, பிராட்பேண்ட் இல்ல, அடுத்த நாள் மொபைல் டவரும் திணறுச்சு. தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் அண்ணா நகர்ல ஜெனரேட்டர் ஓடுற ஒரு கடைல போய் நின்னேன், உக்கார எடம் இல்ல, எல்லா பிளக்லயும் ஃபோன், எல்லாரும் ஊர்ல இருக்குற அம்மா அப்பாவுக்கு நல்லா இருக்கோம்னு சொல்லத்தான் வந்திருந்தாங்க. கடைக்காரர் யார்கிட்டயும் பில் கேக்கல. அந்த நேரத்துல வீடியோ மீட்டிங் போடாதீங்க, நெட்டை மத்தவங்களுக்கு விடுங்க.

முன்னேற்பாடுன்னா, ரெண்டு வேற வேற கம்பெனி சிம் வச்சுக்கோங்க, ஒரு டவர் படுத்தாலும் இன்னொண்ணு நிக்க வாய்ப்பு இருக்கு. ஹாட்ஸ்பாட்ல வீடியோ கால் மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல சாப்பிடும், கேமராவை அணைச்சுட்டு குரல் மட்டும்னா நூறு எம்பிகூட ஆகாது. லேப்டாப் முழு சார்ஜ், பவர்பேங்க் முழு சார்ஜ். மேலாளர்கிட்ட மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கே சொல்லி வையுங்க, தண்ணி வந்தப்புறம் சொல்றதுக்கு சிக்னல் இருக்காது. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்குத் தோண்டின எடங்கள்லயும் ஃபைபர் வெட்டு அடிக்கடி நடக்குது, அதுக்கும் இதே மருந்துதான்.

26 அக்டோபர்

ஐரோப்பாக்காரங்களோட வேலை பாக்குறவங்க கவனிங்க, அங்க இன்னைக்கு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போயிடுச்சு. ஜெர்மனிக்கும் நமக்கும் மூணரை மணி நேர வித்தியாசம் இனிமே மார்ச் வரைக்கும் நாலரை. அவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு முடிச்சா நமக்கு பத்தரை. ஒன்பதரைக்கே நாற்காலியைக் கவுக்குற கஃபேல கடைசி மீட்டிங் வச்சுக்காதீங்க. நான் இந்த அஞ்சு மாசமும் மதியத்தை வெளியவும் ராத்திரியை வீட்டுலயும் வச்சுக்குவேன்.

9 நவம்பர்

அயனாவரத்துல சின்னதா கஃபே தெறக்கப் போற ஒருத்தர் எழுதியிருக்காரு, வேலை பாக்குறவங்க வர்ற மாதிரி பண்ணணும்னா என்ன செய்யணும்னு. ரொம்ப சந்தோஷம்ங்க, விரிவாவே சொல்றேன்.

ரவுட்டரை கல்லாப்பெட்டிக்குக் கீழ ஒளிச்சு வைக்காதீங்க, கூடத்துக்கு நடுவுல மேல மாட்டுங்க. அதையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவு குடுக்குற பிளானா கேட்டு வாங்குங்க. ஆளுக்கு இவ்வளவு வேகம்னு ஒரு வரம்பு வைங்க, ஒருத்தர் படம் டவுன்லோட் போட்டா இருபது பேர் மீட்டிங் நிக்கக் கூடாது. பில்லிங் மிஷின் ஓடுற நெட்டும் வாடிக்கையாளர் நெட்டும் தனித்தனியா இருக்கட்டும். உங்களால முடிஞ்சா வேற கம்பெனில ஒரு சின்ன பேக்கப் லைன். சுவரோரம் ஒத்தை ஆள் உக்காருற மாதிரி பலகை, சீட்டுக்கு ஒரு பிளக், கால் வைக்க ஒரு கம்பி. உள்ளயே சுத்தமான டாய்லெட். முடிஞ்சா மணிக்கணக்குல ஒரு ரேட் போடுங்க, காபியும் சேர்த்து, ரெண்டு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு போர்டுலயே எழுதிடுங்க, அப்ப வர்றவங்களுக்கும் கூச்சம் இருக்காது உங்களுக்கும் நஷ்டம் இருக்காது. மதியம் நாலு பேர் டேபிள் குடும்பத்துக்குன்னும் எழுதுங்க, நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வைக்க முடியுமா? மார்ச் வரைக்கும் எங்களுக்கு அது ரொம்ப உதவியா இருக்கும். தெறக்குற தேதியை இங்கயே போடுங்க.